கடலுக்கு ஒரு சிபாரிசு

கார்த்திகை தீபத்துக்குள் கடல் ஏறி வந்து என் மகள் வீட்டுச் சமையலறையில் நிற்கும் என்று நம்பித்தான் நான் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினேன். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். என் மனைவி வசந்தா ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமுதா போன் செய்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்யாணமாகி, புருஷன் செந்திலோடு அந்த நாட்டுக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் சில வருடங்களாகக் குடியிருக்கிறாள். "ப்பா, இங்க கவுன்சில்ல புதுசா மேப் போட்டிருக்காங்க. கடல் எதுவரைக்கும் ஏறி வரும்னு செகப்புல ஒரு கோடு. நம்ம வீட்டு மேலயே போவுது. நவம்பர் கடைசில முடிவு பண்றாங்களாம்" என்றாள். பிறகு ரசப்பொடிக்கு மிளகு எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டாள். கடல் வரப்போகிற வீட்டில் இந்தப் பெண் ரசம் வைக்கிறதே என்று அன்றைக்கே பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன்.

திருவண்ணாமலைக்காரனுக்குச் சிவப்புக் கோடு என்றால் என்னவென்று தெரியும். ரோடு அகலப்படுத்த வருகிறவர்கள் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு குறி போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்து வருவது புல்டோசர். தண்ணீரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது சாத்தனூர் அணை. ஷட்டரைத் தூக்குமுன் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, கரையோர மக்கள் மேடான இடத்துக்குப் போகவும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்னபடி தண்ணீர் வரும். சுனாமியை டிவியில் பார்த்தும் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. மூன்றும் என் மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. கோடு போட்டாகிவிட்டது, தேதி குறித்தாகிவிட்டது, கடல் கிளம்பியாகிவிட்டது.

"நீங்க போயி கடல நிறுத்தப் போறீங்களா?" என்றாள் வசந்தா. அவள் சத்துணவு அமைப்பாளர். லீவு கிடைக்கவில்லை.

"புள்ளைங்கள இட்டுனு வந்துடறேன்."

"வேணாங்க. போனமா, பாத்தமான்னு வாங்க. அதுங்க பொழப்பக் கெடுக்காதீங்க."

அவளுக்கு என்னைத் தெரியும். என் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் உட்கார்ந்திருந்தது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது, அமுதாவுக்கென்று தனி வாசல் வைத்து, மலையைப் பார்த்து ஜன்னல் வைத்துக் கட்டியிருந்தேன். கட்டியதிலிருந்து அதில் வெங்காயம் காய்கிறது. கடல் துரத்தினால் அந்தப் பிள்ளைகள் வேறு எங்கே போகும்?

நான் மனு எழுதுகிறவன். கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில், முதலில் டைப்ரைட்டரோடும் இப்போது கம்ப்யூட்டரோடும் உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மூச்சு விட நேரம் இருக்காது. வரப்பு வெட்டிய அண்ணன் மேல் தம்பி கொடுக்கும் மனுவையும் நான்தான் எழுதுவேன், தம்பி சொல்வது பொய் என்று அண்ணன் கொடுக்கும் மனுவையும் நான்தான் எழுதுவேன். எதிலும் குறை வைத்ததில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

விமானத்தில் சாப்பாடு என்று ஒன்று கொடுத்தார்கள். மூடி மூடியாகத் திறந்துகொண்டே போனால் கடைசியில் ஒரு கரண்டி சாதம் இருந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் அதையே கத்தியால் வெட்டிச் சாப்பிட்டார்.

இறங்கிய இடத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். வடகம், புளி, முறுக்கு எல்லாவற்றையும் சீருடை போட்ட பெண்மணி ஒருவர் மோந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். கோயில் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்ததும் முகம் மாறியது.

"இது என்ன?"

"சாம்பல்" என்றேன்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "மன்னிக்கவும். யாருடையது?"

ஒருவருடையதும் இல்லை, இது பசுஞ்சாணத்தை எரித்துச் செய்வது என்று விளக்கினேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். அந்த நாட்டுக்காரர்கள் பிணத்தின் சாம்பலைக்கூட மன்னிப்பார்கள் போலிருக்கிறது; சாணி என்ற சொல்லைக் கேட்டு அந்த அம்மாள் கையுறையை மாற்றிக்கொண்டு வந்தார். திருநீறு அங்கேயே நின்றுவிட்டது. முறுக்கு உள்ளே வந்தது.

செந்தில் காரோடு வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பேச்சு கம்மி. வழி நெடுக நான் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூட்டை முடிச்சோடு ஓடி வருகிறவர்கள் யாராவது தென்படுகிறார்களா என்று. ஒரு லாரி நிறைய ஆடுகள் வந்தன. அவையும் நிதானமாகத்தான் இருந்தன.

"மாப்ள, ஜனங்க எல்லாம் முன்னாடியே காலி பண்ணிட்டாங்களா?"

"எதுக்கு மாமா?"

"கடல் வருதுல்ல."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓட்டினார். நல்ல பிள்ளை.

வீடு மரப்பலகையில் கட்டிய சின்ன வீடு. வாசலில் மணல். பின்பக்கம் ஒரு மணல்மேடு, அதில் கோரை மாதிரி புல். கடல் அதற்கு அந்தப்பக்கம். பார்க்க முடியாது, சத்தம் மட்டும் கேட்கும். பக்கத்து வீட்டில் தலை நரைத்த பெரியவர் ஒருவர் தோட்டத்தில் மெஷின் வைத்துப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஓடப் போகிறவன் எவனும் புல் வெட்டமாட்டான்.

அமுதா இளைத்திருந்தாள். எல்லா அப்பனும் சொல்வதுதான், ஆனாலும் இளைத்திருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. சாம்பார் ஊற்றியபடி விஷயத்தைச் சொன்னாள்.

"இப்ப வராதுப்பா. இன்னும் தொண்ணூறு நூறு வருஷத்துல, கடல் முழங்கால் ஒசரத்துக்கு மேல ஏறும்னு சயின்டிஸ்ட்டுங்க கணக்கு போட்டிருக்காங்க. அந்தக் கணக்க வெச்சி கோடு."

"நவம்பர்னு சொன்னியே?"

"நவம்பர்ல ஓட்டுப்பா. இந்தக் கோட்ட ஊர் பிளான்ல சேக்கறதா வேணாமான்னு கவுன்சிலருங்க ஓட்டு போடறாங்க."

நான் சாம்பாரைப் பிசைந்துகொண்டே இருந்தேன். தொண்ணூறு வருடத்துக்குப் பிறகு வரப்போகிற தண்ணீருக்கு ஒரு ஊரே இப்போது சண்டை போடுகிறது. எங்கள் பக்கம் போன மழையில் ஏரி எதுவரை நின்றது என்பதற்கே சண்டை. ஏரிக்குள் பிளாட் போட்டவர் அங்கே என்றைக்குமே தண்ணீர் நின்றதில்லை என்பார். மீன் பிடித்தவர் நின்றது என்பார். இரண்டு மனுவும் என்னிடம்தான் வரும்.

"செரி, தொண்ணூறு வருஷந்தான ஆவும். அப்ப உனக்கு இன்னா கவல?"

அமுதா செந்திலைப் பார்த்தாள். செந்தில் அப்பளத்தைப் பார்த்தார்.

"கோடு வந்துட்டா இந்த வீட்ட இடிச்சி பெருசா கட்ட முடியாது. வாங்கறவங்களுக்கு இத எழுதித் தரணும். பேங்க் லோன் தர யோசிப்பான்." நிறுத்தினாள். "நாங்க இந்த வீட்ட வாங்கலாம்னு இருக்கோம்ப்பா."

"வாங்கறதா? வாடகைக்குத்தான இருக்கீங்க?"

"சொன்னா நீ மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவன்னு சொல்லல."

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் சாம்பார் வாங்கிக்கொண்டேன். வாடகை வீடு என்றால் ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். சொந்த வீடு என்றால் அது அங்கேயேதான். விமானத்தில் வரும்போது கடலுக்குப் பயந்துகொண்டு வந்தவன், அந்த இரண்டாவது கரண்டி சாம்பாரில் கடல் பக்கம் சாய்ந்துவிட்டேன். கோடு வரட்டும், லோன் நிற்கட்டும், பிள்ளைகள் ஊருக்கு வரட்டும்.

மறுநாள் இருவரும் வேலைக்குப் போனதும் என் வேட்பாளரைப் பார்க்கலாம் என்று மணல்மேட்டைத் தாண்டிப் போனேன். கடல் நல்ல பிள்ளை மாதிரி தூரத்தில் கிடந்தது. நம்மிடம் எப்போதும் ஒரு விஞ்ஞானம் உண்டு. ஒரு குச்சியை எடுத்துத் தண்ணீர் ஓரத்தில் நட்டேன். பிறகு கடைத்தெருவில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து தின்றேன். வறுவலில் பாதியை ஒரு வெள்ளைப் பறவை என் கையிலிருந்தே எடுத்துக்கொண்டு போனது. அந்த ஊரில் பார்த்த முதல் திருடன். கொஞ்ச நேரம் கண்ணசந்தேன்.

எழுந்து பார்த்தால் குச்சி இல்லை. குச்சி இருந்த இடத்துக்கு இப்புறம் வெகுதூரம் தண்ணீர். என் செருப்பு மிதந்துகொண்டிருந்தது.

தொண்ணூறு வருடம் என்றார்கள், மத்தியானத்துக்குள் வந்துவிட்டதே என்று ஓடினேன். பாதி பயம், பாதி சந்தோஷம். ஓடுகிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் மூச்சு வாங்குகிறது. பக்கத்து வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு, "தண்ணீர் வருகிறது, ஏறிவிட்டது" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

புல் வெட்டின பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆமாம். சாயங்காலம் இறங்கிவிடும்" என்றார்.

கடல் தினமும் ஏறி இறங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். மகாபலிபுரத்துக்கு இரண்டு தடவை டூர் போயிருக்கிறேன். ஆனால் காலையிலிருந்து மாலை வரை கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவன் எங்கள் ஊரில் யார்? ஏரி ஏறினால் ஏறினதுதான். இறங்க ஒரு கோடை வேண்டும்.

அவர் பெயர் கென். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. அந்த வீட்டை அவரே கட்டியிருந்தார். வேலியில் ஒரு பலகை தொங்கியது: 'ஊகம் வேண்டாம், அளந்து காட்டு.' என்னை உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டுத் தன் கட்சியைச் சொன்னார்.

"கடல் இதுவரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து கோடு போடட்டும், ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் எவ்வளவு ஏறும் என்று கம்ப்யூட்டர் சொன்னதை வைத்து என் வீட்டு மேல் கோடு போட்டால்? கடல் நேரில் வந்து கதவைத் தட்டினால் நானே திறந்துவிடுவேன். கவுன்சில் வந்து தட்டினால் திறக்கமாட்டேன்."

நான் தலையாட்டினேன். அவர் எதிர்க்கட்சி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். டீ நன்றாக இருந்தது.

ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது அடுத்தடுத்த நாட்களில் தெரிந்தது. கோடு வேண்டும் என்கிறவர்கள் ரொட்டிக்கடையில் காபி குடிப்பார்கள். வேண்டாம் என்கிறவர்கள் கிளப்பில் பீர் குடிப்பார்கள். எனக்கு ரொட்டிக்கடை காபி வேப்பங்கொழுந்து மாதிரி இருந்தது. ஆனாலும் கட்சி விசுவாசத்துக்காக அங்கேயே குடித்தேன்.

ஒரு நாள் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் இல்லாத பஸ். யாரும் ஸ்டாப் பெயரைக் கூவமாட்டார்கள், விசில் கிடையாது. முன் சீட்டில் இரண்டு அம்மாள்கள் கோட்டைப் பற்றி ஆரம்பித்தார்கள்.

"என் மகன் வீடு கட்ட அனுமதி கேட்டால், தூக்கிக்கொண்டு போகிற மாதிரி கட்டு என்கிறார்கள். வீடா அது, சூட்கேஸா?"

"இதை நான் கல்யாணம் பண்ணின வருடம் சொல்லியிருந்தால் மேட்டில் வாங்கியிருப்பேன்."

"மேட்டில் காட்டுத்தீ வரும்."

"அதற்கு இன்னும் கோடு போடவில்லையே."

"சத்தமாகச் சொல்லாதே, போட்டுவிடுவார்கள்."

இதைக் கேட்டுக்கொண்டே என் ஸ்டாப்பைத் தவறவிட்டேன். கடைசி ஸ்டாப்பில் நானும் டிரைவரும் மட்டும். எங்கே போக வேண்டும் என்றார். தெருப் பெயர் சொன்னேன். "ஓ, கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?" என்றார். உள்ளே என்றேன். பரிதாபப்பட்டு, திரும்பும் நடையில் டிக்கெட் வாங்காமல் கொண்டுவந்து விட்டார். நம் ஊரில் தீபத்துக்கு விடும் ஸ்பெஷல் பஸ்ஸில் ஒற்றைக்காலில் தொங்கும்போதுகூட நாலு பேர் நம்மைத் திட்டுவார்கள், அதில் ஒரு துணை இருக்கும். அந்தக் காலி பஸ்ஸில் எனக்குத் துணையாக யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது.

வசந்தாவுக்குப் போன் செய்தேன்.

"கோடு நின்னுடும் போலருக்குது வசந்தா. ஆதரவு ஜாஸ்தி."

"நின்னா?"

"நின்னா லோன் கெடைக்காது. வந்துடுவாங்க. பௌர்ணமிக்கு மலை சுத்தறேன்னு வேண்டிக்கினேன்."

"ஏங்க, பெத்த பொண்ணு வீடு வாங்கக் கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டிக்கிற மொத ஆளு நீங்கதான்." பிறகு அவளே கேட்டாள். "எளச்சிட்டாளா?"

"ஆமா."

"வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். அதோடு கார்டு தீர்ந்துவிட்டது.

ஓட்டெடுப்புக்கு முந்தின வாரம் அமுதா என் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்தாள். கூட்டத்தில் பொதுஜனம் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். அவள் பேசப் போகிறாள்.

"நீ எழுதிக் குடுப்பா. ஊருக்கே எழுதித் தர. எனக்கு ஒண்ணு எழுத மாட்டியா?"

பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எந்தக் கோடு நிற்க வேண்டும் என்று சாமியிடம் மனுப் போட்டேனோ, அதே கோட்டை எடுக்கச் சொல்லி மகளுக்கு மனு எழுத வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் எழுதிப் பழகியவன்தான். ஆனால் அண்ணன் தம்பி கேஸில் எனக்கு மாடி கிடையாது, ஜன்னல் கிடையாது.

எழுதினேன். வேண்டுமென்றே கெடுத்து எழுதினேன். கருணையே வடிவான கவுன்சிலர் சமுகத்துக்கு என்று ஆரம்பித்து, ஏழைக் குடும்பம் நடுத்தெருவில் நிற்பதாகவும், தங்கள் பொற்பாதத்தைத் தவிர வேறு கதி இல்லை என்றும், எல்லாவற்றையும் இங்கிலீஷில் மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். இதைப் படித்தால் அந்த ஊரில் எவனும் இந்தப் பெண்ணுக்கு ஓட்டுப் போடமாட்டான் என்று எனக்குத் தெரியும். அமுதா படித்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ்ப்பா" என்றாள். அந்த தேங்க்ஸ் எனக்கு இரண்டு நாள் ஜீரணமாகவில்லை.

தீபத்தன்று சாயங்காலம் வாசலில் அகல் ஏற்றினாள். மண் அகல் கிடைக்காமல் சின்னக் கிண்ணங்களில் எண்ணெய் ஊற்றியிருந்தாள். கடல் காற்று ஒன்றையும் நிற்கவிடவில்லை. அவள் இந்தப் பக்கம் ஏற்றிக்கொண்டே வர, காற்று அந்தப் பக்கம் அணைத்துக்கொண்டே வந்தது. கென் வேலிக்கு அப்பாலிருந்து, கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார். செந்தில் அட்டைப்பெட்டியை வெட்டி மறைப்பு வைத்த பிறகு ஒரே ஒரு விளக்கு நின்றது. நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து பொரி உருண்டை தின்றோம். ஊராக இருந்தால் தீபம் ஏற்றும் நேரத்தில் மலையைப் பார்த்தபடி மொத்த ஜனமும் ரோட்டில் நிற்கும். பக்கத்தில் நிற்கிறவன் யாரென்று தெரியாமலே அவன் தோளில் கை போட்டிருப்போம். அமுதா எந்தத் திசையைப் பார்க்கிறாள் என்று பார்த்தேன். விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கவுன்சில் ஹாலில், வேலை முடிந்து வரும் நேரத்துக்கு வைத்திருந்தார்கள். பின்பக்க மேஜையில் டீயும், தேங்காய்ப்பூ தூவிய சதுரச் சதுரமான கேக்கும். கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாளில் மண்ணெண்ணெயோடு யாரும் உள்ளே போகாமலிருக்கப் போலீஸ் பையைச் சோதிப்பார்கள். இங்கே கேக் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். ஆனால் சண்டை ஆரம்பித்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

இஞ்சினியர் ஒருவர் வரைபடத்தைத் திரையில் போட்டு, சிவப்புக் கோடு எப்படி வந்தது என்று விளக்கினார். "உங்கள் வீடு எங்கே இருக்கிறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "மேட்டில்" என்றார் பாவம். ஹால் முழுக்கச் சிரிப்பு.

வீட்டு மனை வியாபாரம் செய்யும் ஒரு கவுன்சிலர் எழுந்தார். "இன்னும் தொண்ணூறு வருடத்தில் கடல் எங்கே நிற்கும் என்று சொல்கிறவர்கள், வரும் செவ்வாய்க்கிழமை மழை பெய்யுமா என்று முதலில் சொல்லட்டும். இந்தக் கோடு நாளைக் காலையே இந்த ஊரை மூழ்கடித்துவிடும், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்."

நீச்சல் கற்றுக்கொடுக்கும் ஒரு இளம்பெண், அவரும் கவுன்சிலர், பதில் சொன்னார். "நாம் கோட்டை அழித்துவிடலாம். காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அதை அழிக்க அவர்கள் நம்மிடம் ஓட்டுக் கேட்கப் போவதில்லை. அளந்த பிறகுதான் திட்டம் என்றால், அன்றைக்குத் திட்டம் எதற்கு, படகு போதும்."

நான் அவருக்கு மனதுக்குள் கை தட்டினேன். என் சிபாரிசு இல்லாமலே கடலுக்கு நல்ல ஆள் கிடைத்திருந்தார்.

கென் பேசினார். எனக்கு டீ கொடுத்தபோது சொன்னதையே சொன்னார், கதவு திறப்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். அடுத்து அமுதாவைக் கூப்பிட்டார்கள். என் மனுவைக் கையில் வைத்திருந்தாள். பிரிக்கவே இல்லை. அவள் இங்கிலீஷில் பேசினதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன்.

"நான் ஒரு மலையடி ஊரிலிருந்து வருகிறேன். எங்கள் ஊரில் கடல் கிடையாது. எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரியும். வழி தவறினால் மலையைப் பார்த்துக்கொண்டு நடந்தால் வீடு வந்துவிடும். இங்கே வந்த முதல் வருடம், ஜன்னலைத் திறந்தால் பார்க்க ஒன்றுமே இல்லையே என்று தினமும் அழுதிருக்கிறேன். இப்போது அந்தச் சத்தம் கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்தக் கணக்கு சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. சரியாகவே இருக்கட்டும். கடல் வரும் வரைக்கும் எவ்வளவு காலம் இருக்கிறதோ அவ்வளவு காலம் நான் அந்த வீட்டில் இருந்துகொள்கிறேன். அதற்கு மட்டும் வழி விடுங்கள்."

நேரம் முடிந்து மணி அடிப்பதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

தினமும் அழுதிருக்கிறாள். அந்த வருடம் அவள் வாரம் தவறாமல் எங்களுக்குப் போன் செய்தாள். நல்லா இருக்கேன், சாப்ட்டியா, அம்மா எங்க என்பாள். நானும் இங்கே மழை, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

ஓட்டெடுத்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் சமம்; அப்படியானால் மேயர் ஓட்டுதான் முடிவு. மேயர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, கோடு இருக்கட்டும் என்று கை தூக்கினார். ரொட்டிக்கடைக் கட்சி எழுந்து கை தட்டியது. எங்கள் வரிசையிலிருந்தும் ஒரு ஆள் கை தட்டுவது கேட்டது. யார் இவன் என்று பார்த்தேன். என் கைகள்தான் தட்டிக்கொண்டிருந்தன.

அமுதா திரும்பிப் பார்த்தாள். நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

காரைச் செந்தில் ஓட்டினார். பாலம் தாண்டினதும் அமுதா முன் சீட்டிலிருந்து சொன்னாள்.

"ப்பா, நீ கை தட்டன."

"எல்லாரும் தட்டனாங்கம்மா."

"நம்ம வரிசைல யாரும் தட்டல."

"கோடு வந்துட்டா நீ ஊருக்கு வந்துடுவன்னு நெனச்சேன்."

"தெரியும்பா."

"எப்ப தெரியும்?"

"அந்த மனுவப் படிக்கசொல்லவே. சின்ன வயசுல இருந்து நீ எழுதறத பாக்கறேன். உனக்கு அவ்ளோ மோசமா எழுத வராது."

செந்தில் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வெளியே வந்தது வேறு ஏதோ மாதிரி இருந்தது. அமுதா சீட்டுக்குப் பின்னால் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். வீடு வரும் வரை விடவில்லை. சீட் பெல்ட் கழுத்தை அறுத்தது, அதையும் பொறுத்துக்கொண்டேன்.

கிளம்பும் அன்று கென் தோட்டத்துத் தக்காளியை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். விமானத்தில் கொண்டுபோக முடியாது என்றேன். "அப்படியானால் இங்கேயே தின்றுவிட்டுப் போ" என்றார். வேலி ஓரம் நின்று இரண்டு பேரும் தின்றோம். "உன் மகள் நன்றாகப் பேசினாள். எனக்கு மகள் இல்லை" என்றார். இன்னொரு தக்காளியை என் கையில் வைத்தார்.

ஊர் திரும்பின திங்கட்கிழமை என் மேஜைக்கு முன்னால் வழக்கமான கும்பல். ஏரிக்கரை மனைக்காக இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம். முதல் ஆள், "சார், எவ்ளோ தண்ணி வந்தாலும் அங்க நிக்காதுன்னு எழுதுங்க" என்றார். அடுத்த மழைக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். "அடுத்த மழையப் பத்தி இப்ப இன்னா சார்?" என்றார்.

கோடு ஊர் பிளானில் ஏறியது. கோட்டுக்குள் இருக்கிற வீட்டை வாங்க வேறு ஆள் யாரும் வரவில்லை. வீட்டுக்காரர் தை மாதம் வரை பார்த்துவிட்டு விலையை இறக்கினார். இறக்கின விலைக்கு பேங்கும் லோன் கொடுத்தது. அமுதாவும் செந்திலும் அந்த வீட்டை வாங்கிவிட்டார்கள்.